டிபன் பாக்ஸில் சோப்பு

காலை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் அவர் எதிர் சீட்டில் உட்காருவார். கம்பெனி யூனிஃபார்ம், நரைத்த மீசை. நகங்கள் மட்டும் ஒருநாள் பச்சை, ஒருநாள் ரோஸ். வீட்டில் சோப்பு செய்கிறவர். புது சோப்புத் துண்டுகளை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து ஆளுக்கொன்று நீட்டுவார். நாங்கள் முகர்ந்து பார்க்கும்போது எங்கள் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்.

ஒருநாள் எனக்குச் சரியான ஜலதோஷம். அவர் மனசு நோகக் கூடாதென்று முகர்வதுபோல் செய்து, "சூப்பர்ணா!" என்றேன்.

"டபாய்க்காத நைனா, உனுக்கு மூக்கு அடைச்சிக்கினு கீது" என்று குலுங்கிச் சிரித்தார்.

"எப்டிணா தெரிஞ்சிது?"

"மல்லின்னா உன் புருவம் மேல போவும். சந்தனம்னா கண்ணு சொருவும். இன்னிக்கி ஒண்ணும் ஆடல. கொரோனா வந்தப்போ என் மூக்கு செத்துப் போச்சு, இன்னும் வாசனையே தெரியல. கலரு என் கண்ணுல பாத்துக்குவேன். வாசனைக்கு உங்க மூஞ்சிங்கதான். சுளிச்சீங்கன்னா அடுத்த வாட்டி கொறைச்சிடுவேன்."

பெட்டியே சிரித்தது, அவர்தான் எல்லோரையும்விட சத்தமாக.

இப்போதெல்லாம் பூக்கடையைத் தாண்டும்போது, என் புருவம் எங்கே இருக்கிறதென்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.