மயில்வாகனம் தெரிந்தெடுத்த கார்

வயல் வேலை மயில்வாகனத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் கட்டிய வரம்பு முதல் மழைக்கே சரிந்துவிடும். அவர் விதைத்த நெல் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வழுக்கை விழுந்தும் முளைக்கும். கரவெட்டியில் பிறந்து, இளவயதிலேயே கொழும்புக்குப் போய், ஒரு கம்பனித் துரையின் காரைப் பதினொரு வருஷம் ஓட்டியவர் அவர். ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் உடுத்த துணியோடு வடக்கே கப்பலேறி வந்தார். மனைவி நாகேஸ்வரிக்குச் சீதனமாக வந்த வயல் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்ததால் அங்கே வந்து குடியேறினார். சேற்றில் நின்று நிமிரும்போது, பக்கத்து வயல்காரர் தன் வரம்பைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று ஒரு கண் அந்தப் பக்கம் போகும்.

அவருக்கு மிச்சமிருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான்.

“கொழும்பிலயிருந்து கண்டிக்கு ரண்டு மணித்தியாலம். துரை பின்னால நித்திரை. ஒரு குலுக்கம் இல்லை,” என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார். கேட்பவர்களுக்கு அது நூறாவது தடவையாக இருக்கும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் ஜெகதீஸ்வரி என்ற பெண் பிரசவ வலியோடு மாட்டு வண்டிலில் போகும்போது ஒட்டுசுட்டானுக்கு இப்பால் இறந்துபோனாள். முல்லைத்தீவில் சமாளிக்க முடியாத பிரசவங்களுக்கு வவுனியாவுக்குத்தான் போகவேண்டும். கார் ஒன்று இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த அறுவடை முடிந்ததும், ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார் தில்லைநாதன் கூட்டம் கூட்டினார். நோயாளிகளை ஏற்றிப்போக ஊருக்குப் பொதுவாக ஒரு கார் வாங்குவதென்று தீர்மானமானது. கோயிலடிக்காரரும் பள்ளிவாசலடிக்காரரும் சேர்ந்தே கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதுக் கார் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. ஒருவர் ஓட்டிய காரைத்தான் வாங்கவேண்டும். ஊரில் கார் தெரிந்த ஆள் மயில்வாகனம் ஒருவர்தான். துணைக்குப் புடவைக் கடை றவூப் போவதாக முடிவானது.

“நீங்கள் சொல்லுறதுதான் முடிவு,” என்றார் வாத்தியார். “எங்களுக்கு அதில ஒண்டும் தெரியாது.”

ஐந்து வருஷத்தில் அந்த ஊரில் அவரை நம்பி ஒருவர் சொன்ன முதல் சொல் அது. அன்றிரவே கொழும்பில் கார் ஓட்டியபோது போட்டு, இப்போது பெட்டியடியில் கிடந்த வெள்ளைச் சேட்டை எடுத்துத் தோய்க்கச் சொல்லி நாகேஸ்வரியிடம் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்துத் தரகர் ஒருவரின் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று சாம்பல் நிறம், நாலு சிலிண்டர். இளைப்பாறிய நில அளவையாளர் ஒருவர் வைத்திருந்தது. இருக்கைத் துணி வெளிறியிருந்தது. ஆனால் எஞ்சினைத் துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறார் என்பது பொனற்றைத் திறந்ததுமே தெரிந்தது. மற்றது கருஞ்சிவப்பு, ஆறு சிலிண்டர். மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் பந்தயங்களில் ஓட்டிவிட்டு விற்றதாம். கொழும்பில் மயில்வாகனம் ஓட்டிய துரையின் காரைவிட அரைச்சாண் நீளம் கூட.

சாம்பல் காரை முதலில் எடுத்தார்கள். செம்மணி வெளியில் நேரான றோட்டு. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த வெறுந்தரவை. கார் ஒரே சத்தத்தோடு போனது. மிதித்தாலும் அவசரப்படவில்லை. நாற்பது மைலில் ஓடச் சொன்னால் நாள் முழுக்க ஓடும், அவ்வளவுதான்.

“நல்லாத்தானே போகுது, அண்ணை,” என்றார் பக்கத்திலிருந்த றவூப்.

“போகும். வண்டில் மாடும் போகும்.”

பிறகு சிவப்புக் கார். மிதித்த அந்தக் கணத்தில் இருக்கை முதுகை வந்து இடித்தது. வேகம் காட்டும் முள்ளு எழுபதைத் தாண்டியது. ஐந்து வருஷமாக மண்வெட்டி பிடித்த கைகள் அந்த ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்ததும் பழைய கைகளாகிவிட்டன. மயில்வாகனம் தன்னையறியாமல் சிரித்தார். றவூப் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து நிறுத்தியபோது எஞ்சினிலிருந்து மெல்லிய எண்ணெய் கருகும் மணம் ஒன்று வந்தது. மயில்வாகனத்துக்கு அந்த மணம் தெரியும். சற்று ஆறவிட்டு, பழந்துணியால் ரேடியேற்றர் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே தண்ணீரின்மேல் எண்ணெய் மினுமினுத்தது. எஞ்சினின் உள்ளே எங்கோ விரிசல் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கிட்டத்துக்கு ஓடும். தூரத்துக்கு, வெயிலில், வேகமாக ஓட்டினால் கொதித்து நின்றுவிடும்.

“என்ன பாக்கிறியள், அண்ணை?”

மயில்வாகனம் மூடியைப் போட்டு இறுக்கினார்.

“ஒண்டுமில்லை. தண்ணி பாத்தனான்.”

“எனக்கெண்டால் மற்றதே போதும் போல இருக்கு. இது கொஞ்சம் முரடாத் தெரியுது.”

“றவூப், நீர் சீலை பாரும், நான் கார் பாக்கிறன். ஜெகதீஸ்வரி எதாலை செத்தவள்? கெதியாப் போக ஏலாமத்தானே?”

றவூப் தலையாட்டினார். செத்தவளின் பெயரை எடுத்தபிறகு என்ன சொல்வது? அந்தப் பெயர் தன் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்ததை மயில்வாகனம் பிற்காலத்தில் பலமுறை நினைத்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் எஞ்சினைக் கழற்றித் திருத்திவிடலாம் என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கி ஒரு கிழமையில் பழுதா என்பார்கள். ஒவ்வொரு காலையும் ரேடியேற்றரில் தண்ணீர் விட்டு நிரப்பினார். முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குக் காய்ச்சல்காரரையும் பாம்பு கடித்தவரையும் கொண்டுபோனார். சில மைல் தூரம், கார் பறந்தது. சந்தையில் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். வரம்பு சரிந்ததைப் பற்றி யாரும் இப்போது பேசவில்லை. சித்திரை மாதம் வரை இப்படிப் போனது.

சித்திரை கடைசியில் ஒரு காலை பத்து மணிக்கு றவூப் வேர்த்து வழிந்து ஓடிவந்தார். அவருடைய மனைவி ஸுஹறாவுக்கு விடியமுந்தியே வலி தொடங்கிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வவுனியாவுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று மருத்துவிச்சி நேசமலர் சொல்லிவிட்டா.

ஸுஹறாவைப் பின்னிருக்கையில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நேசமலர் ஏறினா. றவூப் முன்னால். மயில்வாகனம் எஞ்சினைக் கிளப்பினார். மெல்லமாக ஓட்டினால் ஒருவேளை தாங்கும் என்று நினைத்தார். ஆனால் பின்னாலிருந்து ஸுஹறா முனகும் ஒவ்வொரு தடவையும் றவூப், “கொஞ்சம் கெதியா, அண்ணை,” என்றார். கெதியாகப் போவதற்குத்தானே இந்தக் காரை வாங்கினார்கள்? என்ன காரணம் சொல்லி மெல்லமாக ஓட்டுவது? மிதித்தார்.

ஒட்டுசுட்டான் தாண்டி, கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் காடு நெருங்கிய இடத்தில் பொனற்றின் இடுக்கால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. எஞ்சின் இரண்டு தரம் இடித்தது. பிறகு சத்தமே இல்லை.

மூடியைத் திறக்கப் போனவருக்கு ஆறும்வரை பொறுக்க மனம் வரவில்லை. கொதிதண்ணீர் பீறி வலது கை முழங்கைவரை வெந்தது. போத்தல்களில் இருந்த தண்ணீரை ஊற்றினார், கீழால் ஒழுகியது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லாத அந்த றோட்டில் ஸுஹறாவின் குரல் மட்டும் கேட்டது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று அவள் கேட்டாள்.

முக்கால் மணித்தியாலத்துக்குமேல் கழித்து முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. றவூப் நடுறோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்ததும் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் தாங்களாகவே இறங்கினார்கள். கடைசி நீள இருக்கையில் ஸுஹறாவைக் கிடத்தினார்கள். றவூப்பையும் நேசமலரையும் ஏற்றிக்கொண்டு, எங்கேயும் நிறுத்தாமல் பஸ் வவுனியாவுக்குப் போனது.

இறங்கிய சனம் பாலை மரங்களின் நிழலில் மூட்டை முடிச்சுகளோடு நின்றது. ஒரு கிழவர் தன் போத்தல் எண்ணெயை மயில்வாகனத்தின் கையில் பூசிவிட்டார்.

“பாவம், அந்தப் பிள்ளையைக் காப்பாத்த கையைக் குடுத்திட்டான்,” என்றார் சுற்றி நின்றவர்களிடம்.

மயில்வாகனம் கையை இழுத்துக்கொண்டு காரடிக்குப் போனார்.

வவுனியாவில் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஸுஹறா பிழைத்தாள். ஆண் குழந்தை இறந்துவிட்டது.

ஊர் காரைத் திட்டியது, றோட்டைத் திட்டியது, வெயிலைத் திட்டியது. கட்டுப்போட்ட கையைப் பார்த்து மயில்வாகனத்துக்காக இரங்கியது. தில்லைநாதன் வாத்தியார் வீடு தேடி வந்து, “நீங்கள் மனம் உடையாதேங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். நாகேஸ்வரி முருங்கைக்காய்க் கறியோடு சோறு குழைத்து ஊட்டப் போனபோது, பசியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நேசமலர் கட்டு மாற்ற வந்தா.

“றவூப்பைப் பாத்தீங்களே?” என்று கேட்டா. “கடை திறக்கிறேல்லை. அண்டைக்கு விடியமுந்தி வலி வந்தது. பொய்வலியாக்கும் எண்டு நினைச்சு, சந்தைக்கு வந்த சீலைக் கட்டை எடுக்கப் போயிட்டார். பிள்ளை குறுக்கே எண்டு நான் கண்டபிறகு, அவர் வந்து உங்களிட்டை ஓடிவர ஒரு மணித்தியாலம் பிந்திப்போச்சு. நான்தான் என்ர பிள்ளையைக் கொண்டனான் எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறார். மனிசியின்ர முகத்தைப் பாக்கிறாரே இல்லை.”

உண்மை மயில்வாகனத்தின் வாய்வரை வந்தது. நேசமலர் குனிந்து கட்டை முடிந்துகொண்டிருந்தா. சொல்லியிருக்கலாம். “பாவம்,” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இன்னும் ஆறு நாள் அவர் பேசாமல் இருந்தார். மூடியைப் போட்டு இறுக்கிய அன்று, தான் என்ன செய்கிறோம் என்று முழுதாகத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த ஆறு நாளுக்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை. தன் பிழையை இன்னொருவன் சுமந்து நடப்பதைத் தெரிந்துகொண்டே சாப்பிட்டார், உறங்கினார். இரண்டு தரம் பள்ளிவாசல் வீதிவரை போய்த் திரும்பி வந்தார்.

ஏழாம் நாள் பகல் றவூப்பின் படலையைத் திறந்தார். மெலிந்து தாடி வளர்ந்திருந்த றவூப் கதிரையொன்றை இழுத்துப் போட்டார்.

“கை எப்பிடி, அண்ணை? உங்கட கையையும் நான்தான் பழுதாக்கினது.”

மயில்வாகனம் உட்காரவில்லை. என்றைக்கும் ‘நீர்’ என்று பேசுகிறவர் அன்று, “நீங்கள் பிந்தினதாலை இல்லை, றவூப்,” என்று தொடங்கினார். “கார் பழுதெண்டு எனக்கு முதலே தெரியும். வாங்கேக்கையே தெரியும். தண்ணியிலை எண்ணெய் கிடந்தது.”

றவூப் அவரை நிமிர்ந்து பார்த்தார். “மூடியைத் திறந்து பாத்தனீங்கள். நான் கேட்டனான்,” என்றார்.

“ஓம்.”

“ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“ஏன்?”

வரும் வழியில் அதற்கு மூன்று நான்கு மறுமொழி யோசித்து வைத்திருந்தார். திருத்தலாமென்று நினைத்தேன், ஊருக்கு வேகம் வேண்டுமென்று நினைத்தேன்.

“எனக்கு அந்தக் காரை ஓட்டவேணும் போல இருந்தது,” என்றார்.

அறை வாசலில் தொங்கிய சீலைக்கு உள்ளிருந்து ஸுஹறாவின் குரல் கேட்டது. “மற்றக் காரெண்டால் நேரத்துக்குப் போயிருப்பமோ?”

அல்லாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். மயில்வாகனம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“போயிருப்பம், பிள்ளை. அது நிண்டிருக்காது.”

றவூப் எழுந்து, சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மனைவியின் முகத்தையே அவர் பார்ப்பதில்லை என்று நேசமலர் சொன்னது மயில்வாகனத்துக்கு நினைவு வந்தது. உள்ளே இருவரும் சேர்ந்து அழும் சத்தம் கேட்டது. அங்கே நிற்கத் தனக்கு உரிமையில்லை என்று அவருக்குப் பட்டது. படலையைச் சாத்திவிட்டு நடந்தார். நேரே தில்லைநாதன் வாத்தியாரிடம் போய் அதையே இரண்டாம் தரம் சொன்னார்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டத்திலையும் சொல்லவேண்டி வரும்,” என்றார்.

மூன்றாம் தரம் பள்ளிக்கூட மண்டபத்தில், ஜெகதீஸ்வரியின் தகப்பனும் இருக்கும்போது, அவள் பெயரை எடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனவர் அவர். யாரும் கையை ஓங்கவில்லை. அந்தத் தகப்பன் எழுந்து, “என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லியே வாங்கினனீ?” என்று மட்டும் கேட்டார்.

சிவப்புக் காரை மாங்குளத்து ஆள் ஒருவர் கட்டி இழுத்துக்கொண்டு போனார். வாத்தியாரும் றவூப்பும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய வான் ஒன்று வாங்கி வந்தார்கள். முப்பது மைலுக்குமேல் ஓடாது. அதை ஓட்டுவதற்கு ஒட்டுசுட்டானிலிருந்து ஆள் வந்தது. மயில்வாகனம் வயலுக்குத் திரும்பினார். வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று நாகேஸ்வரி ஒருமுறை கேட்டாள். “அங்கை போய் நல்ல மனிசனெண்டு நடிக்கிறதோ?” என்றார். பிறகு அவள் கேட்கவில்லை.

மூன்றரை வருஷம் றவூப் அவரோடு கதைக்கவில்லை. எதிர்ப்பட்டால் சைக்கிளை நேரே விட்டுக்கொண்டு போவார். அதற்கிடையில் ஸுஹறாவுக்கு ஒரு பெண் பிறந்து, லதீபா என்று பெயர் வைத்தார்கள் என்பதை நேசமலர் சொல்லித்தான் அறிந்தார்.

அறுபத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள், கூட்டுறவுக் கடையில் விதைநெல் எடுக்கப்போன இடத்தில் இருவரும் அடுத்தடுத்து நிற்கவேண்டி வந்தது. மயில்வாகனம் பின்னுக்கு நகரப் பார்த்தார், பின்னால் இடமில்லை. மழை ஓட்டில் பெய்து இரைந்துகொண்டிருந்தது. றவூப் மழையைப் பார்த்தபடியே, “உங்கட பக்கம் விதைச்சாச்சோ?” என்று கேட்டார்.

“இல்லை. இனித்தான்.”

“இந்த மழை விட்டால் விதைக்கலாம்.”

“ஓம்.”

அவ்வளவுதான் கதை. றவூப்பின் முறை வந்தது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். மயில்வாகனம் வீட்டுக்கு வந்து நனைந்த உடுப்போடு குசினி வாசலில் நின்றார். என்ன நடந்ததென்று நாகேஸ்வரி கேட்டாள். றவூப் கதைத்ததைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தார். சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள், தனக்கும் சந்தோஷம் வந்துவிடும், அது தனக்கு உரியதல்ல என்று நினைத்து, “விதைநெல்லு நனைஞ்சுபோச்சு. துவாயைத் தா,” என்றார்.