சம்ப் மேல் மிருதங்கம்

எங்கள் வீட்டில் அத்தையின் மிருதங்கத்தை முதலில் மதித்தவை அணில்கள். அடுத்து காக்கைகள், இரண்டு மைனாக்கள், பக்கத்து வீட்டுக் கோழி, அதன் ஆறு குஞ்சுகள். மனிதர்களில் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பெருங்களத்தூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மிருதங்கம் கற்றுக்கொண்டாள். எங்கள் பரம்பரையில் யாரும் வாய்விட்டுப் பாடியதாகக்கூடக் கேள்வி இல்லை. சேலையூரில் நிலம் இருந்தவரை நெல் விதைத்தோம். நிலத்தில் வீடுகள் முளைத்த பிறகு ஹார்டுவேர் கடை வைத்தோம். ஆணி அடிக்கிற சத்தம்தான் இந்தக் குடும்பத்துக்குச் சங்கீதம் என்று அம்மா சொல்லிக்காட்டுவாள்.

காலை ஆறு மணிக்கு அத்தை கார் ஷெட்டில் பாய் விரித்து உட்காருவாள். அந்தத் தரைக்கு அடியில் வீட்டுக்கே தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய சம்ப் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து வாசித்தால் சத்தம் நன்றாக உருண்டு வரும் என்பாள். முதலில் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இடது பக்கத் தோலின் நடுவில் அடை மாதிரி அப்புவாள். அந்தப் பாரம் இருந்தால்தான் அந்தப் பக்கம் 'தொம்' என்று அடிவயிற்றிலிருந்து பேசும். வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டி மதில்மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள்.

முதல் 'தொம்' விழுந்ததும் முருங்கை மரத்திலிருந்து அணில்கள் தலைகீழாக இறங்கும். பக்கத்து விமானப்படைத் தளத்து விமானம் கூரையை உரசுகிற மாதிரிப் பறந்தாலும் திரும்பிப் பார்க்காத காக்கைகள், அத்தைக்காக மதில்மேல் வந்து உட்காரும். கோழி தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு கேட்டுக்கு அடியில் நுழையும். ஒரு மணி நேரம் சண்டை சச்சரவு கிடையாது. தலையைச் சாய்த்துச் சாய்த்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிடும். சாமியை நேரில் பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். பள்ளிக்கூட வேன் வரும்வரை யாரிடமும் பேசத் தோன்றாது.

இந்தச் சபையில் நான் கணக்கில் சேர்க்காத ஆள் ஒன்று உண்டு. எங்கள் காருக்கு அடியில் குடியிருந்த தெரு நாய், மணி. ஒரு தீபாவளிக்கு எவனோ பக்கத்தில் வெடி வைத்ததில் அதற்குக் காது போய்விட்டது. கடைக்குக் கிளம்பும்போது அப்பா ஹாரன் அடித்து அடித்துப் பார்ப்பார், நகராது. இறங்கி வந்து தட்டினால்தான் எழுந்திருக்கும். "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று அலுத்துக்கொள்வார். அத்தை வாசிக்கும்போது மணி காருக்கு அடியிலிருந்து வந்து சம்ப்பின் இரும்பு மூடிமேல் படுத்துக்கொள்ளும். மூடி ஜில்லென்று இருக்கும், அதற்காக வருகிறது என்று விட்டுவிட்டேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயில் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிக்க மிருதங்க வாத்தியார் அத்தையைக் கூப்பிட்டிருந்தார். அவளுக்கு முதல் மேடை. ராத்திரி சாப்பாட்டில் அவள் விஷயத்தைச் சொன்னதும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

"வூட்ல வாசி, வேணாங்கல. கோயில்ல நம்ம பங்காளிங்க அத்தினி பேரும் உக்காந்துகினு இருப்பாங்க. பொம்பளப் புள்ள மேளத்த மடில வச்சிகினு தட்டுனா இன்னா சொல்லுவாங்க?"

"மேளம் இல்லண்ணா. மிருதங்கம்."

"எல்லாம் தோலுதானமா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "காக்கா, அணிலுகூட வந்து கேக்குதுப்பா. நீ தூங்கிட்டு இருப்ப, உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "அப்படியா சேதி? ஞாயித்துக்கிழம நானே வந்து உக்கார்றேன். காக்கா அணிலு வந்து கேட்டுச்சின்னா, உங்க அத்த தாராளமா கோயில்ல வாசிக்கட்டும்."

விளையாட்டாகச் சொன்னாலும் அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். ஆக, அத்தையின் கச்சேரி இப்போது அணில்களின் கையில். எனக்குத் துளியும் கவலையில்லை.

மறுநாள் வாத்தியார் அத்தையைக் கூப்பிட்டனுப்பி ஒரு புது சாமான் கொடுத்தார். ரவைக்குப் பதிலாக ஒட்டுகிற ரப்பர் மாதிரியான மாவு. மேடையில் ரவை காய்ந்து உதிரும், இது உதிராது. முடிந்ததும் பிய்த்து டப்பாவில் போட்டு வைத்தால் மறுநாளைக்கும் ஆகும். அத்தை உடனே அதில் பழக ஆரம்பித்தாள்.

முதல் நாள் எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள். அதற்கடுத்த நாள் காக்கைகளைக் காணோம். பிறகு மைனாக்களும் நின்றுவிட்டன. வெள்ளிக்கிழமை கோழி கேட்டுவரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, குஞ்சுகளோடு திரும்பிப் போனது. சனிக்கிழமை ஒரே ஒரு அணில், அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது. அத்தை வாசித்து முடித்ததும் நேராகப் போய்ச் சொன்னேன். "நீ தப்பா வாசிக்கிற அத்தை. அதான் யாரும் வரல."

போடி என்று தள்ளிவிடுவாள் என நினைத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்படியாடி கேக்குது?" என்றாள். அன்று சாயங்காலமும் உட்கார்ந்து அதே பாடத்தை விரல் சிவக்கச் சிவக்க வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அதிசயமாக ஆறு மணிக்கே எழுந்து, கார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அத்தை கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். மதில் காலி. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. முருகனையும் மாரியாத்தாவையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டேன். அப்பா மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அப்போது காருக்கு அடியிலிருந்து மணி வந்தது. இரும்பு மூடிமேல் வயிற்றையும் தாடையையும் அழுத்திப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அத்தை நிறுத்தினால் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தது, ஆரம்பித்தால் மூடிக்கொண்டது. இடது கை 'தொம்' என்று விழும்போதெல்லாம் அதன் வால் ஒரு முறை மூடியைத் தட்டியது. ஓர் அடிகூடத் தப்பவில்லை.

அப்பா பேப்பரை மடித்தார். "இது செவிட்டு நாயாச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து காபியையே பார்த்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. எறும்பு விழுந்துவிட்டதோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். எறும்பு இல்லை. ஒவ்வொரு தொம்முக்கும் காபியில் ஒரு சின்ன வளையம் கிளம்பி டம்ளர் விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை முடித்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். "செவிட்டு நாய் ஒண்ணுதான் வந்துச்சு!"

அப்பா ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். "அது வந்துச்சில்ல, போதும்" என்றார். அத்தையிடம் திரும்பி, "கோயில்ல எத்தினி மணிக்குமா?" என்று கேட்டார். ஆறரை என்று சொல்லிவிட்டு அத்தை மிருதங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் அழுததற்காக இரங்கித்தான் அப்பா விட்டுக்கொடுத்தார் என்று பல வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன். ரவை விஷயம் உறைத்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான். ஒரு நாள் அம்மா உப்புமாச் சட்டியைச் சுரண்டி மதில்மேல் போட்டாள், மதில் முழுக்கக் காக்கை. நின்ற இடத்திலேயே சிரித்தேன். என் சபை மொத்தமும் பந்திக்கு வந்த கூட்டம். கேட்க வந்தது காது இல்லாத ஒன்று மட்டும், அது வயிற்றால் கேட்டிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அதே புல்லரிப்பு.

அந்த நவராத்திரிக் கச்சேரி அன்று பங்காளிகள் எல்லாரும் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா மட்டும் உட்காரவில்லை. பலகை போட்ட மேடை அது. அதன் ஓரமாக நின்றுகொண்டு, வலது உள்ளங்கையைப் பலகைமேல் அழுத்தி வைத்து, கண்ணை மூடியிருந்தார். நாளெல்லாம் கடையில் நிற்கிற மனிதர், கால் கடுக்கிறது பாவம் என்று நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன். கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையால் என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். எவ்வளவு வலி இருந்தால் இப்படிக் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார் என்று எனக்கு அழுகையாக வந்தது.