ஐம்பத்தாறு சென்டிமீட்டர் தலை

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வைம்மா. கொக்கி குறுக்க வருது," என்றார் கதவருகே நின்றிருந்த டாக்டர். கையில் சாப்பாட்டு டப்பா. மதிய இடைவேளை.

எக்ஸ்ரே மேசையில் இருந்த ஹெல்மெட்டை அவள் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கருநீல வெல்வெட் போர்த்தியது, குதிரையேற்றத்துக்கானது. மேலிருந்த விளக்கின் குறுக்குக்கோடு சரியாக அதன் உச்சியில் விழுந்தது.

"நோயாளி பேரு என்னன்னு போட்டிருக்க?"

"சோதனைன்னு போட்டிருக்கேன் டாக்டர்."

"வயசு?"

"ரெண்டு."

"ரெண்டு வயசுல இம்மாம் பெரிய மண்டையா? குழந்தைங்க டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குடுத்துடறேன்."

அவள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க," என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தோன்றியது. டாக்டருக்குச் சிரிப்பில் புரையேறியது.

திரையில் நான்கு திருகாணிகளும் ஒரு கொக்கியும் வெள்ளையாக நின்றன. ஓட்டின் விளிம்பு முடிபோல ஒரு கோடு. விரிசல் எதுவும் இல்லை.

"எலும்பு முறிவு இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப நல்லாத்தான் இருக்கா?"

டாக்டர் டப்பாவை மூடினார். "உள்ள இருக்கிறது தெர்மகோல் மாதிரி ஒண்ணு. அது நசுங்கியிருந்தா இதுல எங்க தெரியப் போகுது? பதினெட்டு வருஷமா படம் எடுக்கற. நான் சொல்லித்தான் தெரியணுமா?"

தெரியும்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தெரியும். படத்தை அழித்தாள்.

"தலைவலி, வாந்தி எதுவும் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"இருந்தா மறைக்காதே. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

அன்று வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், மூன்றாவது தடைக்கு முன்னால் குதிரை நின்றுவிட்டது. குதிரை நின்றது, அவள் நிற்கவில்லை. தடையின் மரத்தூணில் தலையின் வலப்பக்கம் பட்டது. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறி அதே தடையைத் தாண்டினாள். லாயத்தில் அதை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, தலை பட்ட ஹெல்மெட்டை இனி தலையில் வைக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். அங்கே அது விதி. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் விதிதான்.

சனிக்கிழமை போட்டி. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்க அரைமணி நேரம் போதும். சிக்கல் வீட்டில் இருந்தது.

குதிரை அவள் வாழ்க்கையில் முப்பத்தாறு வயதில்தான் வந்தது. மணிக்கட்டு முறிந்து படமெடுக்க வந்த லாயக்காரர் ஒருவர், கட்டுப்போட்ட கையோடு, ஒரு நாள் வந்து பாருங்களேன் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்துச் சொல்வார்களே, அப்படி. அவள் போனாள். அதுவரை பகலெல்லாம் இருட்டறையில் அடுத்தவரை அசையாதே என்று சொல்லிச் சம்பாதித்தவள். குதிரையின் முதுகில் அசையாமல் இருக்க முடியாது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டாள். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வாரத்தில் அலுத்துப்போகும் என்று அவள் கணவர் சொன்னார். ஆறு வருடம் ஆகிவிட்டது.

கணவர் லிஃப்ட் ஆய்வாளர். பல மாடிக் கட்டடங்களுக்குப் போய், லிஃப்டின் கம்பிவடத்தைக் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு இழை பிரிந்திருந்தாலும் பூட்டிவிட்டு வந்துவிடுவார். பத்து மாடி ஏறி இறங்குகிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். அதைச் சாப்பிடும்போது சந்தோஷமாகச் சொல்வார். இரண்டு வருடம் முன்பு குதிரையிலிருந்து விழுந்து அவளுக்குத் தோளருகே காறையெலும்பு முறிந்தபோது படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னொரு தடவை விழுந்தா அதோட சரி," என்றார். அவளும் தலையாட்டினாள். வலியில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள். ஆனாலும் ஆட்டியது ஆட்டியதுதான்.

அந்தக் கருநீல ஹெல்மெட்டை அப்போது வாங்கி வந்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே பிரஷ்ஷால் துடைத்தும் வைப்பார். இந்தச் சனிக்கிழமை முதல் தடவையாகப் போட்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். புது ஹெல்மெட்டோடு அவர் முன்னால் நிற்பதும் விழுந்துவிட்டேன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்றுதான். ஆகவே அவளுக்கு வேண்டியது புது ஹெல்மெட் அல்ல. அதே ஹெல்மெட், இன்னொன்று.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கடைக்குப் போனாள். தோலும் மெழுகும் கலந்த வாசனை. சேணங்களை மரக்குதிரைகள் மீது போட்டு வைத்திருந்தார்கள். கடையை நடத்துகிற அம்மாளை லாயத்தில் எல்லோரும் அளவு அக்கா என்றே சொல்வார்கள். கழுத்தில் துணி டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"இதே மாதிரி. இதே நிறம். ஐம்பத்தெட்டு," என்று பையைத் திறந்து காட்டினாள்.

"பழசைக் காட்டித் துணி எடுக்க வந்தியா? உக்காரு முதல்ல. நாளைக்குப் போட்டிக்கு எப்படிக் கட்டுவியோ அப்படி முடியைக் கட்டு."

"அளவு எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சவங்க தலையைத்தான் நான் ரெண்டு தடவை அளப்பேன்."

அவள் முடியைப் பின்கழுத்தில் தட்டையாகச் சுருட்டி வலை போட்டாள். துணி டேப் புருவத்துக்கு மேல் சுற்றி வந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கினார். மறுபடி அளந்தார்.

"ஐம்பத்தாறு. உனக்கு ஐம்பத்தெட்டுன்னு யார் சொன்னது?"

அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காறையெலும்பு முறிந்த அந்த நாட்களில், கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தாள். கணவர் தன் கருவிப்பெட்டியைத் திறந்து இரும்பு டேப்பை எடுத்து அவள் தலையைச் சுற்றிப் பிடித்தார். அது வளையாமல் நெற்றிப்பொட்டுகளின் பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. ஐம்பத்தெட்டு என்று உரக்கப் படித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

"வீட்டுக்காரர்," என்றாள்.

"எதால அளந்தாரு?"

சொன்னாள்.

"நல்ல வேளை, ஜன்னலுக்குக் கதவு செய்யல," என்றார் அக்கா. "ரெண்டு வருஷமா ஆடலையா இது?"

"உள்ள துணி மடிச்சு வெச்சுக்குவேன்."

"அவருகிட்ட சொல்லல."

"ஆசையா வாங்கிட்டு வந்தாரு."

அக்கா பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதே கருநீலம், அதே வெல்வெட், ஐம்பத்தெட்டு. கடைசி ஒன்று. தலையில் வைத்து, நாடாவைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொன்னார். ஹெல்மெட் தனியாக ஆடியது, தலை தனியாக ஆடியது. குனியச் சொன்னார். அது மூக்குவரை இறங்கியது.

"துணி வெச்சா நிக்கும்க்கா."

"துணி வெச்சு நிக்கட்டும்னா அது உன் இஷ்டம். எங்கிட்ட வாங்கினேன்னு எங்கயும் சொல்லாதே." பிறகு குரலை இறக்கினார். "வலப்பக்கம் பட்டுதுன்னு லாயத்துல சொன்னாங்க. ஹெல்மெட் பின்னால நழுவியிருந்தா வெறும் நெத்தியிலயே பட்டிருக்கும். உனக்கு அடி படாதது ஹெல்மெட்டால இல்லம்மா."

இன்னொன்றை எடுத்து வைத்தார். கறுப்பு. பளபளப்பு இல்லை, வெல்வெட் இல்லை. முன்னால் அகலமான விளிம்பு. ஐம்பத்தாறு. தலையை ஆட்டியபோது புருவமும் சேர்ந்து நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"நல்லாவே இல்ல."

"நீதிபதி குதிரையைத்தான் பாப்பாரு."

கைபேசி அடித்தது. கணவர்.

"எங்க இருக்க? உன் ஹெல்மெட்டைக் காணோமே. நாளைக்குன்னு துடைச்சு வைக்கலாம்னு தேடறேன்."

"எங்கிட்டதாங்க இருக்கு."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு இரண்டையும் பார்த்தாள். இடது கையில் கருநீலம், தலையில் கறுப்பு. கருநீலத்தை வாங்கினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நாளை அவர் வருவார், கைதட்டுவார், செவ்வாய்க்கிழமை பயிற்சி எப்போதும்போல நடக்கும். கறுப்பை வாங்கினால் இன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே குதிரை முடிந்துபோகலாம். அக்கா அவசரப்படுத்தவில்லை. ஒரு சேணத்துக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கருநீலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பழையதையும் கறுப்பையும் அருகருகே வைத்தாள். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கறுப்பைத் தொடவில்லை. பழையதைக் கவிழ்த்து, உள்துணியை உரித்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார். வலப்பக்கம் ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த இடம் மட்டும் சப்பையாக உள்வாங்கியிருந்தது.

"எப்ப?"

"செவ்வாக்கிழமை."

"இந்தத் துணி எதுக்கு?"

"பெருசா இருந்துது. அதை அடைக்க."

"எவ்ளோ பெருசு?"

"ரெண்டு சென்டிமீட்டர்."

அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய பழைய கைக்குட்டை. நான்காக மடித்து மேசையில் வைத்தார். "ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நல்லாருக்காதுன்னு."

"தலை போனா நல்லாருக்குமா?"

அவள் கறுப்பு ஹெல்மெட்டின் நாடாவை நேராக்கினாள்.

"அதோட சரின்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க."

"நீ தலையாட்டின."

"ஆட்டினேன்."

"அப்புறம்?"

"நாளைக்கு எட்டரைக்குப் பேர் கூப்பிடுவாங்க."

அவர் எழுந்துபோய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தார். பழைய ஹெல்மெட்டின் நாடாவை இரண்டு பக்கமும் வெட்டினார். தள்ளுபடி செய்த வடத்தை அவர் அப்படித்தான் வெட்டிப் போடுவார், இன்னொருவன் எடுத்து மாட்டிவிடக்கூடாது என்று. பிறகு கைகழுவப் போனார். சாப்பாட்டின்போது தண்ணீர்க் குழாயைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மறுநாள் அவள் ஐந்தரைக்குக் கிளம்பினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். லாயத்து வண்டியில் போனாள். அவளுக்கு முப்பத்தொன்றாம் எண். வாசலில் இருந்த மைதான அதிகாரி ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருந்த தரச்சீட்டைப் பார்த்து, தாடைக்குக் கீழே நாடாவுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, போகலாம் என்றார். குதிரை இரண்டாவது தடையில் ஒரு முறை தயங்கி நின்றது, பிறகு தாண்டியது. ஐந்தாவதில் ஒரு கட்டை விழுந்தது. அவள் பிரிவில் பதினொரு பேரில் ஏழாவது. கணவர் வரவில்லை. மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது அவர் ஒரு கட்டடத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தார். இரவு வந்ததும் விழுந்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். எத்தனையாவது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு அவள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தாள்.