குணமாகிவிட்ட மாமா

எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை நாங்களே கூட்டி வர வேண்டும். அதில் தோற்றால் பேசாமல் கூலிமில் ஏதாவது தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடு என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பாடாங் செராயில் இருந்த என் தாய்மாமாவுக்கு இடது தோள் இறுகிக் கிடந்தது. அந்தக் கையைத் தூக்கிச் சட்டை மாட்டுவதற்குள் வீடே அதிரும். அவர் பெயரைக் கொடுத்துவிட்டு, தினமும் சாயங்காலம் போய்ப் பயிற்சி கொடுத்தேன்.

அதுதான் வினை. தேர்வுக்கு முந்தின வாரம் கோயிலில் மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பார்த்தேன். குணமானவரை வைத்து எப்படித் தேர்வு கொடுப்பது? கொடுத்த பெயரை இனி மாற்ற முடியாது.

"இப்பப் போயா மாமா சரியாகணும்?"

"அட, பயப்படாத லா. வலிக்கிற மாதிரி நான் நடிக்கிறேன். டாக்டர்கிட்ட எம்சி லீவு வாங்க நான் நடிக்காத நடிப்பா?"

தேர்வன்று நொண்டிக்கொண்டே வந்தார். தோள் வலிக்காரர் எதற்கு நொண்ட வேண்டும்? தேர்வாளர் ஒரு மலாய் அம்மாள்; சிரிக்காத முகம். நான் தொடுவதற்கு முன்பே மாமா வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதே! சாக்கிட், புவான், சாக்கிட்!" என்று அலறினார்.

"இடது, மாமா!" என்று பல்லைக் கடித்தேன்.

"ரெண்டும்தான்!"

என்ன சிகிச்சை கொடுக்கப் போகிறாய் என்று அம்மாள் கேட்டார். ஏதாவது புளுகியிருக்கலாம். ஆனால் மாமாவின் இடது கை என் கையில் லேசாக, காதைத் தொடும்வரை உயர்ந்தது. இதைச் சரிசெய்தவள் நான். பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுவும் வேண்டாம், புவான். குணமாகிவிட்டார். நடிக்கிறார்."

மாமா கொதித்துப் போனார். இவள் சின்னப் பிள்ளை, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயும் தமிழுமாகக் கத்தினார்.

அம்மாள் அசையவில்லை. "எப்படிக் குணப்படுத்தினாய்? செய்து காட்டு."

ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மாமா விடாமல் அலறினார். நான் தேறினேன். திரும்பும் வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது மருத்துவமனையில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. முட்டி வலி என்று யார் சொன்னாலும் மாமா முந்திக்கொள்கிறார்:

"அவகிட்ட மட்டும் போகாதீங்க. நல்லாயிட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா."