சோடா கம்பெனியில நான் கழுவுன காத்து

இன்னைக்குக் காலைலதான் தெரியுது, நான் ஒரு ஆராய்ச்சிப் பேப்பர்ல வந்திருக்கேன்!

(பேரு வரல. ஆனா அது நான்தான். பொறுங்க, சொல்லுதேன்.)

எதிர்த்த வீட்டு ஜெனிபர் எம்.எஸ்.சி. படிக்கா. "பெரியம்மா, நாளைக்கு செமினாரு. பேசிப் பாக்கணும், கொஞ்சம் கேளுங்க"ன்னு லேப்டாப்பத் தூக்கிட்டு வந்துட்டா.

காத்துல கார்பன் டை ஆக்சைடு எப்படி வருசா வருசம் கூடுதுன்னு ஒரு கிராப். கோடு மேல மேல ஏறிக்கிட்டே போவுது. ஒரு எடத்துல மட்டும் கோடே இல்ல, ஓட்டை.

"இது எங்க எடுத்தது தெரியுமா? எழுபதுகள்ல, நம்ம தூத்துக்குடி கடல்ல! ஒரு சயின்டிஸ்ட் தனியா அலைஞ்சு எடுத்திருக்காரு. இன்னைக்கும் எங்க டிபார்ட்மென்ட்ல இதத்தான் எடுத்துக் காட்டுதாங்க!"

நான் டீ டம்ளரக் கீழ வச்சுட்டேன். 

"ஏளா, இது நம்ம காத்துக்கார சாருளா!"

அப்போ நான் ஒரு சோடா கம்பெனியில பாட்டில் கழுவுத வேலை. கல்யாணம் ஆகி ரெண்டு வருசம். நான் கழுவுன பாட்டில்ல மொகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி இருக்கும்!

சார் வடக்க ஏதோ ஒரு லேப்ல இருந்து வந்தவரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பக்கத்து லாட்ஜுல தங்கியிருந்தாரு.

கொண்டல் அடிச்சாப் போதும், அதான் கடல்லருந்து வார கிழக்குக் காத்து, உடனே திரேஸ்புரத்துல போயி வள்ளம் ஏறிருவாரு. நடுக்கடல்ல கண்ணாடிக் குப்பிக்குள்ள பம்பு வச்சுக் காத்த அடைச்சுக்கிட்டு வருவாரு.

"நாம விடுற மூச்சுல இருக்கும்மா, உங்க சோடாவுலயும் இருக்கும். அந்த கேஸ் காத்துல கூடிக்கிட்டே போகுதான்னு பாக்கிறேன்"னு எங்கிட்ட சொல்லுவாரு.

அதனால குப்பியத் தொறக்கும்போது வள்ளத்துல யாரும் மூச்சு விடக்கூடாது! பீடியும் கூடாது!

வள்ளக்காரர் சூசை அண்ணன் பொலம்புவாரு, "முத்துக் குளிக்கவன்கூட எங்ககிட்ட தோத்துருவாம்ளா. நாங்க வள்ளத்துல ஒக்காந்துக்கிட்டே மூச்சப் புடிக்கோம்!"

லாட்ஜு ரூம்ல வெக்கைன்னு, குப்பிகள எங்க கம்பெனி மூலையில சாக்குப் போட்டு மூடி வச்சிருந்தாரு, நான் கண்ணால பாத்ததில்ல. ரயில்ல அனுப்பப் பெட்டி வேணும்னு கேட்டிருக்காரு. முதலாளி அண்ணாச்சி சோடா பாட்டில் அடுக்குத மரப்பெட்டியவே குடுத்துட்டாரு. ராத்திரியே சார் குப்பிகள அதுல எடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு.

இங்கதான் வினையே!

சோடா கம்பெனியில சட்டம் ஒண்ணுதான். மரப்பெட்டியில திரும்பி வந்தது காலி பாட்டில். காலி பாட்டில்னா கழுவணும்.

நான் காலைல வாரேன், பெட்டி நெறைய கண்ணாடி! புது மாடல் பாட்டிலு போலன்னு ஒண்ணத் திருகித் தொறந்தேன். 'உஸ்'னுச்சு. பழைய சோடா கேஸு மிச்சம் கெடக்குன்னு நெனச்சேன்.

கழுத்துல கட்டியிருந்த சீட்டெல்லாம் அவுத்து வச்சுட்டு, பிரஷ் விட்டு, மூணு தண்ணி அலசி, கவுத்திட்டேன். அத்தனையும்! (வேலைன்னா வேலைதான்.)

அண்ணாச்சி வந்து பாத்துட்டு நெஞ்சுல கைய வச்சுட்டாரு.

"ஏளா ரோஸ்லின், அது காத்துளா!"

"காத்தா?"

"ஒரு மாசமா கடல்ல போயி அடைச்சதுளா, பாவி!"

கவுத்துன குப்பி ஒண்ண நிமித்தி உள்ள எட்டிப் பாத்தேன்.

அண்ணாச்சி கொரலக் கொறச்சாரு. "வாயத் தொறக்காத. திருகி மூடி, சீட்டக் கட்டி, அப்படியே அடுக்கிரு. உள்ள இப்பவும் காத்துதான இருக்கு? காத்துல என்னளா பழசு, புதுசு?"

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடுக்கிட்டேன்.

மத்தியானம் சார் வந்தாரு. பச்சப்புள்ளயத் துணியில சுத்துத மாதிரி ஒவ்வொரு குப்பியையும் வைக்கோல்ல சுத்துதாரு. சும்மா சுத்துனாத்தான?

"ரோஸ்லின், இந்த மாசக் கணக்குதாம்மா முக்கியம். 'காத்தப் புடிக்க ஒரு சம்பளமா'ன்னு மேலதிகாரி கேக்கிறார். இது போய்ச் சேந்தாத்தான் அடுத்த வருஷம் என்னை விடுவாங்க."

நான் திரும்பிப் பாத்தேன். பின்னால அண்ணாச்சியோட கேஸ் சிலிண்டர் 'ஸ்ஸ்'னு கசிஞ்சுக்கிட்டு நிக்கி. சார் தேடுத அதே கேஸு! அதத்தான் நான் குப்பி குப்பியா அடைச்சு வச்சிருக்கேன்!

"சார், அதெல்லாம் கழுவுன குப்பி சார். நான்தான் கழுவுனேன்."

சொல்லி முடிக்கும் முன்ன அழுகை வந்துட்டு.

சார் அப்படியே பெட்டி மேல ஒக்காந்துட்டாரு.  அப்புறம் ஒரு குப்பிய எடுத்து வெளிச்சத்துல பாத்தாரு.

"எங்க லேப்லகூட இவ்வளவு சுத்தமா கழுவ மாட்டாங்கம்மா."

"இவள இன்னைக்கே நிறுத்திருதேன் சார்!"னு அண்ணாச்சி குதிக்காரு. (வாயத் தொறக்காதன்னு சொன்ன அதே அண்ணாச்சி!)

"வேண்டாம். பெட்டி மேல எழுதாம வச்சது என் தப்பு"ன்னுட்டாரு சார்.

அடுத்த தடவ கொட்ட எழுத்துல எழுதிட்டாரு: 'காலி இல்லை. உள்ளே காற்று இருக்கிறது.' தெருவே வந்து படிச்சுட்டுச் சிரிச்சுது.

மேலதிகாரிகிட்ட என்ன ஏச்சு வாங்குனாரோ, எங்கிட்ட சொல்லல. ஆனா மறு வருசமும் வந்தாரு. அதுக்கப்புறம் நான் வேலைய விட்டு நின்னுட்டேன். நம்மளால அவரு பொழப்பு கெட்டுச்சோன்னு இத்தன வருசமா ஒரு உறுத்தல் எனக்கு.

கதையெல்லாம் கேட்டுட்டு, ஜெனிபர் கிராப்புல அந்த ஓட்டை மேல வெரல வச்சா.

"பெரியம்மா, நீங்க சொல்லாம விட்டிருந்தா இங்கன ஓட்டை இருந்திருக்காது. பெரிய மேடு ஒண்ணு இருந்திருக்கும். மொத்தக் கோட்டையும் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க!"

"சரிளா, ஓட்டைக்கு என்ன காரணம் போட்டிருக்காரு?"

கீழ பொடி எழுத்துல இருந்தத அவ தமிழ்ல சொன்னா. 'தவிர்க்க முடியாத காரணத்தால் இம்மாத மாதிரிகள் கிடைக்கவில்லை.'

எம்பேரு இல்ல. சோடா கம்பெனி இல்ல. ஒரு வார்த்த கொற இல்ல. அழுதுட்டேன், சத்தியமா.

அதனால மக்களே, அந்தப் பேப்பரப் படிக்குத சயின்டிஸ்டு யாராவது, புயல் மழையா இருக்கும்னு நெனச்சா கொஞ்சம் திருத்திருங்க.

தவிர்க்க முடியாத காரணம் தூத்துக்குடியில சௌக்கியமா இருக்கு. இப்பத்தான் டீ டம்ளரக் கழுவிக் கவுத்துச்சு!