ஆறும் ஆண்மீன்கள்

முதல் தடவை வாங்கியது கறுப்புப் பட்டை போட்ட ஒரு ஜோடி சிக்லிட் மீன். அழகாக இருக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். ஜோடி என்றால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் தொட்டிக்குள் கடுகு இறைத்த மாதிரி குஞ்சுகள். கொடுக்க ஆள் தேடினேன். அல்வாலில் எங்கள் அடுக்ககத்தில் மீன் வளர்க்கிற இரண்டு வீட்டாரும் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தார்கள். அடுத்த முட்டைக்குத் தயாரானதும் பெற்ற மீன்களே குஞ்சுகளைத் துரத்திக் கொத்தின. என் மகள் தினமும் பள்ளி விட்டு வந்து மிச்சத்தை எண்ணுவாள். ஒருநாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"மள்ளீ பில்லலு புடிதே நேனு சூடனு மம்மீ," என்றாள். மறுபடி குஞ்சு பொரித்தால் தொட்டிப் பக்கமே திரும்ப மாட்டாளாம். நான் திருநெல்வேலித் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. பதின்மூன்று வயதானபின் அந்தப் பதிலும் சுருங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் அரைமணி நேரம் மீன் பார்க்க மட்டும்தான் என் பக்கத்தில் உட்காருவாள். அதுவும் போய்விடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

ஜோடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். சிக்லிட்டில் பீகாக் என்றொரு வகை. ஆண்தான் நீலமும் மஞ்சளுமாக மினுக்கும். பெட்டை வெறும் சாம்பல். ஆண்களை மட்டும் வைத்தால் நிறத்துக்கும் குறைவில்லை, குஞ்சுத் தொல்லையும் இல்லை. ஆனால் நிறத்தை நம்பாதே, தீவனத்தில் எதையோ கலந்து பெட்டைக்கும் நிறம் ஏற்றிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. உறுதியாகத் தெரியவேண்டுமானால் மீனைப் புரட்டி, வயிற்றடியில் இருக்கும் இரண்டு துளைகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் ஆண், ஒன்று பெரிதாக இருந்தால் பெட்டை. படித்ததும் உடனே யாருடைய மீனையாவது புரட்டிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

போவன்பள்ளியில் காய்கறி வாங்கிய கையோடு பக்கத்து வளர்ப்பு மீன்கடைக்குள் நுழைந்தேன். ஈரத்துணியில் ஒரு மீனைப் புரட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஹவ் மேடம், சப் மேல் இச் ஹை. டென்ஷன் நக்கோ லேவ்," என்றார். எல்லாமே ஆண்தான், கவலைப்படாதீர்கள் என்கிறார். முதலாவது ஆண். இரண்டாவதும் ஆண். மீதி நான்கும் அதே நீலம், அதே தொட்டி, ஒரே நாளில் வந்தவை. போதும், கட்டிக் கொடுங்கள் என்றேன்.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். ஒரே தடவையில் தயாரான ஒரு லாட்டில் சில மாத்திரைகளை எடுத்துச் சோதிப்போம். அவை தேறினால் மொத்த லாட்டும் தேறியது. இருபது வருடப் பழக்கம். மாத்திரைக்குப் பொருந்துவது மீனுக்கும் பொருந்தும் என்று எந்த மடையன் எனக்குச் சொன்னான்?

இரண்டு மாதம் கழித்து ஒரு மீன் தீனிக்கு வரவில்லை. தாடை உப்பி, எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. மகளும் கவனித்துவிட்டாள். "வாயில ஏதோ புண்ணு போல," என்றேன். பொய். இந்த வகைப் பெட்டை முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரம் சாப்பிடாதாம். அத்தனை நாள் பசியை எங்கே வைத்துக்கொள்ளும்? மறந்துபோய் ஒன்றைக்கூட விழுங்கிவிடாதா? கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்திருந்தேன்.

கடைக்காரரை போனில் கேட்டேன். வாயைத் திறந்து தண்ணீரில் உலுக்கினால் எல்லாம் கொட்டிவிடும், வீசிவிடுங்கள், ஒரு நிமிட வேலை என்றார்.

சனிக்கிழமை மகள் பள்ளியில் இருக்கும்போது மீனைப் பிடித்தேன். கீழுதட்டை விரல் நுனியால் லேசாக இறக்கினேன். உள்ளே இரண்டு கண்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. எத்தனையோ லாட்டுகளை ஒரே கையெழுத்தில் தள்ளியவள், விரலை எடுத்துவிட்டேன். வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, மீனை அதில் விட்டு, காற்றுக் குழாயையும் போட்டேன்.

மகள் வீட்டுக்குள் காலை வைத்ததுமே சொல்லிவிட்டேன். "ஏட்டி, அது புண்ணு இல்ல. வாய்க்குள்ள குஞ்சு இருக்கு. ஆறுல ரெண்டத்தான் பொரட்டிப் பாத்தேன். தப்பு எம்மேலதான்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். குஞ்சுகளைத் தூக்கிப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே, பிறகு ஏன் சொன்னாய் என்று தெலுங்கில் கேட்டாள்.

"தெரியலட்டி," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

பையைக்கூடக் கழற்றாமல் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அண்ணாந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.