ஆம்புலன்ஸ் எங்கே நின்றது?

என் மூத்த மாப்பிள்ளைக்கு ஊரில் 'டெஸ்டிங்' என்று பெயர். எந்தக் கூட்டமானாலும் மைக்செட் அவருடையதுதான். "ஹலோ, டெஸ்டிங், டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்துகொள்வார். இருபத்தைந்து வருஷத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த மைக்கில் பேசியதில்லை. பேசாத மனுஷனுக்கு விவரம் போதாது என்று நானும் நினைத்திருந்தேன். பெண்ணைக் கொடுத்தவள் நான். அப்படி நினைக்க எனக்கு உரிமை உண்டு.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்தான் அவர் வாய் திறக்கும்.

"இன்னிக்கு ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசினாரு அத்தை. உதறிப் பார்த்தா உள்ள ஒரே ஒரு விஷயம்தான். அது சரிதானான்னு யாருமே கேக்கல."

"அந்த ஒண்ணு எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"அந்த இடம் வந்தா மட்டும் வேகமா தாண்டிடுவாங்க. தாண்டினதும் சவுண்ட ஏத்துன்னு எனக்குக் கை காட்டுவாங்க."

அவர் மனைவி, என் மூத்த மகள், ஆஸ்பத்திரிச் சாலை நடைபாதையில் காய்கறி விற்கிறாள். அவளோடு இன்னும் பத்துப் பெண்கள். போன வருஷம் அவர்களை அங்கிருந்து எடுத்துவிடலாமா என்று நகரசபையில் பொதுக்கூட்டம் போட்டார்கள். மைக்செட் மாப்பிள்ளையுடையது. நானும் மகளும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

துணிக்கடை முதலாளி எழுந்தார். நடைபாதைக் கடைகளால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு உயிர் ஊசலாடியது என்று ஒரே வரி. அப்புறம் சுத்தம், அழகு, பிள்ளைகளின் எதிர்காலம் என்று அரை மணி நேரம். எங்கள் பக்கம் பேசியவரும் லேசுப்பட்டவரில்லை. ஏழை வயிறு, தாய்மார் கண்ணீர் என்று உருக்கி எடுத்துவிட்டார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான்.

"சரி, கை தூக்கலாமா?" என்றார் தலைவர். அப்போது மாப்பிள்ளை மைக்கை எடுத்தார்.

"ஐயா, ஒரு கேள்வி. ஆம்புலன்ஸ் எங்க நின்னுச்சு? எதனால நின்னுச்சு?"

"யோவ் டெஸ்டிங், உன் வேலையப் பாரு!" என்று ஒருவர் கத்த, கூட்டமே சிரித்தது.

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். இவ்வளவு பேச்சும் அது மேலதான் நிக்குது. கடையாலதான் நின்னுச்சுன்னா, நாளைக்கே என் வீட்டுக்காரி கூடைய நானே தூக்கிடறேன்."

மகள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அவளுடைய பிழைப்பை அப்படியே சபையில் பணயம் வைத்துவிட்டாரே!

கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். "வண்டியில இருந்தது எங்கம்மா. நானும் கூடப் போனேன். காய்க்காரம்மாங்க கூடைய எல்லாம் இழுத்து ஓரம் கட்டிட்டாங்க. துணிக்கடை வாசல்ல லாரி நின்னுச்சு. டிரைவர் சாப்பிடப் போயிருந்தாரு."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் தலைவர்.

"நல்லா இருக்காங்க. தெம்பா என்னைத் திட்டறாங்க."

கடைகள் அப்படியே இருக்கட்டும், லாரிகள் காலை ஏழு மணிக்குள் சரக்கு இறக்கிவிட வேண்டும் என்று முடிவானது. முதலாளி பொய் சொல்லவில்லை, யாரோ சொன்னதை நம்பிவிட்டார் என்கிறார் மாப்பிள்ளை. சொந்தக் கடை வாசலில் நின்ற லாரி ஒரு மனுஷனுக்குத் தெரியாதா? நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, கூடைய தூக்கிடறேன்னீங்களே, அது யார் கூடை?"

"உன்னோடதுதான்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அவ கேக்கறது நியாயம்தானே?" என்றேன்.

"நியாயம்தான் அத்தை. கேட்டிருக்கணும்" என்று தலையைச் சொறிந்தார். அதற்கப்புறம்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை அதே இடத்தில் கோணியை விரித்தாள். நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெண்டைக்காய் நல்ல பிஞ்சாக வந்திருந்தது.